நாலாவது காணோம்

இந்த அறை மின்விசிறியில் மூன்று ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், விழாது. இன்னும் நாலைந்து வருஷம் இப்படியே தலையை ஆட்டிக்கொண்டு ஓடும். நீங்கள் அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு விமான விபத்தைப் பற்றி இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் அப்படித்தான்.

தட்டச்சு செய்கிற அம்மாவுக்கு என் வேகம் சரியாக இருக்கிறதா? வேகம் அதிகமென்றால் கையைக் காட்டட்டும். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கையை மூன்று முறை படித்தேன். எழுத்துப்பிழை பதினெட்டு. அதை விட்டுத்தள்ளலாம். நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 'இரண்டாவது பரிசோதகரின் கவனக்குறைவும் விபத்துக்குத் துணைக்காரணம்.'

அந்த இரண்டாவது பரிசோதகர் நான்.

இருபத்தேழு வருஷ சர்வீஸில் என்னைத் திமிர் பிடித்தவன் என்றிருக்கிறார்கள். சிடுமூஞ்சி என்றிருக்கிறார்கள். கழிவறைக் கதவில் என்னைப் பற்றி எழுதியிருப்பதை இந்த அம்மா முன்னால் சொல்ல முடியாது. ஆனால் கவனக்குறைவு என்று எவனும் சொன்னதில்லை. அந்த வரியைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். திருத்த வேண்டுமென்றால் நடந்தது முழுசாகத் தெரிய வேண்டும். தெரியாமல் எழுதியதால்தான் இப்படி எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதில் சரியானதைச் சரி என்று சொல்லிவிடுகிறேன். ஏழு வாரத்துக்கு முன், பத்தொன்பது பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று, பெரிய பழுதுபார்ப்பு முடிந்து, பயணிகள் இல்லாமல் சோதனைக்காகப் பறந்தது. எழும்பியது. மூக்கு மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. நாற்பது விநாடியில் ஓடுபாதைக்கு அப்பால் வெற்று நிலத்தில் விழுந்தது. மூன்று பேர். கேப்டன், துணை விமானி, வால் பகுதியில் வேலை பார்த்த மெக்கானிக். வாலுக்குள் ஒரு ஸ்பானர் சிக்கியிருந்தது. மெக்கானிக் மறந்து வைத்த ஸ்பானர். எல்லாம் சரி.

அந்த மெக்கானிக் என் தங்கையின் கணவன்.

எங்கள் ஹேங்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய தகரக் கொட்டகை. இரண்டு விமானம் நிற்கும், முப்பது பேர் வேலை செய்வார்கள். வேலை தெரிந்தவர்களை எண்ண ஆரம்பித்தால் ஒரு கை விரலே மிச்சம். மேனேஜர், திரையில் கலர் படம் போட்டுக் காட்டிய வகுப்பில் விமானம் கற்றவர். இறக்கை எது என்று கேட்டால் தொட்டுக் காட்டுவார், கொஞ்சம் சந்தேகத்தோடு. ஸ்டோர்க்காரருக்கு முழங்கால் வலி. எட்டு மணிநேர வேலையையும் நாற்காலியை விட்டு எழாமல் முடிப்பவர். கேப்டன் பறப்பதற்கு முன் விமானத்தை ஒரு சுற்று வந்து சக்கரத்தை ஒரு உதை உதைப்பார்.

"உதைச்சா என்ன சார் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாதுய்யா. ஒரு தெம்பு."

இந்தத் தெம்பை நம்பித்தான் ஜனங்கள் ஏறி உட்கார்ந்து, கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மேகம் பார்க்கிறார்கள்.

ஸ்டோர் சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதே வடிவத்தில் சிவப்புச் சாயத்தில் நிழல் வரைந்திருக்கும். கருவியை எடுத்தால் நிழல் தெரியும். எடுத்தவன் தன் எண் அடித்த பித்தளை வில்லையை அந்த ஆணியில் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கருவி பலகைக்கு, வில்லை இடுப்புக்கு. ஒரு நிழல் காலியாக இருந்தாலும் விமானம் நகரக் கூடாது. எடுத்தவன் வாயைத் திறந்து 'காணோம்' என்று சொல்ல வேண்டும். சொன்ன நிமிடத்தில் எல்லா வேலையும் நிற்கும். மூடிய தகடுகளையெல்லாம் மறுபடி கழற்றித் தேடுவோம். கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

விமானத்துக்குள் விட்டுவிட்ட ஸ்பானர் கிடந்த இடத்தில் கிடக்காது. ஆடும், சரியும், ஒருநாள் போகக் கூடாத இடத்துக்குப் போகும். அதனால் எங்கள் தொழிலில் மிகப் பெரிய சொல் அதுதான். காணோம். அதைச் சொல்பவனை எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் அவன் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது அவனைப் பற்றி.

பத்து வருஷத்துக்கு முன் என் கீழே மெக்கானிக்காகச் சேர்ந்தான். நல்ல கை. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் வேலை செய்யும்போது பாடுவான். முழுப் பாட்டும் தெரியாது. முதல் இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு நாள் பூராவும் ஓட்டுவான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். வேலை செய்யும் இடத்தில் ஒருவனை எல்லோருக்கும் பிடித்திருந்தால், சம்பளம் வாங்கும் நேரத்தில் பாதியை அவன் அதற்காகச் செலவழிக்கிறான் என்று அர்த்தம். என்னை யாருக்கும் பிடிக்காது. நான் முழு நேரமும் வேலை செய்தேன்.

என் தங்கைக்கும் அவனைப் பிடித்துவிட்டது. அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, தலை வாரி அனுப்பி, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அவள் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. தகவல் சொன்னாள். நான் தடுக்கவில்லை. என் வீட்டு மாடியிலேயே இருவரையும் குடிவைத்தேன். என்ன குறை வைத்தேன் என்று அவளையே கேட்டுப் பாருங்கள்.

போன வருஷம் ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி காலியானது. வரிசைப்படி எனக்கு வர வேண்டியது. மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்க வேலையைப் பத்திப் பேச்சே இல்ல. ஆனா உங்ககிட்ட வந்து பேசவே ஆளுங்க பயப்படுறாங்க. உங்க மாப்பிள்ளைன்னா நாலு பேரு மனசு விட்டுப் பேசுவாங்க. ஆறு மாசம் பாத்துட்டு அவருக்கே கொடுத்துடலாம்னு இருக்கேன். எப்படியும் பதவி உங்க வீட்டுக்குள்ளதானே இருக்கப்போகுது?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பொறாமை என்று அடித்துவிடாதீர்கள் அம்மா. எழுதச் சுலபமான சொல், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். எனக்கு இருந்தது கவலை. பாடிக்கொண்டே வேலை செய்கிறவன் கையெழுத்தில் விமானங்கள் வெளியே போகும் என்ற கவலை.

என் கவலை சரிதான் என்று அடுத்த வாரமே காட்டினான். ஏணி மேல் நின்று இறக்கையில் வேலை. போன் வந்தது. என் தங்கை. திருகு முடுக்கும் ராட்செட்டை ஏணியின் மேல்படியில் வைத்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான். திறந்து கிடக்கும் இறக்கை, அரையடி தள்ளி ஒரு கருவி. நான் ஏறி அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பொறுப்புள்ள எந்த ஆளும் அதைத்தான் செய்வான்.

திரும்பி வந்ததும் கையில் கொடுத்திருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். கொடுத்தால் என்ன செய்வான்? "தேங்க்ஸ் மச்சான்" என்பான். மறுபடி பாடுவான். பாடம் என்பது மூன்று மணிநேரமாவது வலிக்க வேண்டும்.

உடனே 'காணோம்' என்றான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. மூன்று மணிநேரம் தேடினோம். நானும் தேடினேன். அவனுக்கு டார்ச் பிடித்ததே நான்தான். கடைசியில் ஆளாளின் பையையும் சோதித்தபோது அவன் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில் கிடைத்தது. "தொட்டுக்க ஒண்ணும் இல்லன்னு எடுத்து வெச்சுக்கிட்டியா?" என்றார் ஸ்டோர்க்காரர். ஹேங்கரே சிரித்தது. அவனும் சிரித்தான். "நான் எப்ப இதை இங்க வெச்சேன்?" என்று தலையைச் சொறிந்தான்.

மறுநாள் காலை வந்து பாடினான். அதே இரண்டு வரி.

இரண்டாவது முறை அவன் எதையும் எங்கேயும் விட்டுவிட்டுப் போகவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். பொருள் அவன் கருவிப்பையில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒருவன் ஒருநாள் ஒழுங்காக இருப்பது பெரிசில்லை, அது பழக்கமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டாமா? எட்டாத மூலைகளைப் பார்க்க நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று எங்களிடம் உண்டு. அதை எடுத்தேன். நாலு மணிநேரத் தேடலுக்குப் பிறகு, கழிவறைச் சுவர்க்கண்ணாடிக்குப் பின்னால் அது செருகியிருந்தது. அந்த இடைவேளையில் முகம் கழுவப் போனவன் அவன் ஒருவன்தான்.

"கண்ணாடிக்குப் பின்னாடி கண்ணாடி. மூஞ்சியைப் பாக்கப் போனியா, மறைக்கப் போனியாப்பா?" ஸ்டோர்க்காரருக்கு முழங்காலில் இல்லாத வேகம் நாக்கில் உண்டு.

அன்றைக்குத்தான் பெயர் வந்தது. காணோம். "காணோம் வந்தாச்சா?" "காணோம் சாப்பிடப் போயிருக்காரு." "டேய், காணோமைக் காணோம்டா, பாத்தியா?" பத்து வருஷமாக அவன் பெயரைச் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டவர்கள் ஒரே வாரத்தில் மாறினார்கள். பிடிக்கும் என்பதெல்லாம் அவ்வளவுதான். நான் அந்தப் பெயரை ஒருமுறையும் சொன்னதில்லை. வீட்டு மாப்பிள்ளை.

மூன்றாவது, டார்ச். அவன் அலமாரியில் தொங்கிய மாற்று உடுப்பின் பையில் கிடைத்தது. அன்று வெளியே பதினேழு பயணிகள் காத்திருந்தார்கள். விமானம் ரத்தானது. மேனேஜர் அவனையும், மூத்தவன் என்ற முறையில் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"இதோ பாருங்க. மூணு தடவை ஹேங்கரையே கவுத்துப் போட்டுத் தேடியாச்சு. மூணு தடவையும் பொருள் உங்க பையில, நீங்க போன கழிவறையில, உங்க அலமாரியில. இன்னொரு தரம் காணோம்னு என் முன்னால வந்து நின்னீங்கன்னா, இன்சார்ஜ் வேலையை விடுங்க, கேட்டுல நிக்கிற வேலைகூட இங்க கிடையாது."

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றேன் நான். "காணோம்னா காணோம்னு சொல்லித்தான் ஆகணும். ரூல் அது."

இதைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் சரியானதைச் சொன்ன ஒரே ஆள் நான். மேனேஜர் முறைத்தார். அவன் என்னை நன்றியோடு பார்த்தான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் மச்சான்" என்றான். கை ஈரமாக இருந்தது. நான் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவன் பாடவில்லை. வேலை இரட்டிப்பு நேரம் பிடித்தது. ஒரு திருகை இறுக்கிவிட்டு, இறங்கி வந்து, மறுபடி ஏறிப் போய்த் தொட்டுப் பார்ப்பான். முன்னேற்றம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியில் எனக்குச் சாப்பாடு. தங்கை பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் மேஜையிலிருந்த ஸ்பூன்களை வரிசையாக அடுக்கி எண்ணினான். ஆறு. மறுபடி எண்ணினான். அப்புறம் எழுந்து போய் அடுக்களை டப்பாவில் மிச்சத்தை எண்ணினான்.

"பாத்தீங்களா அண்ணா" என்றாள் தங்கை, குரலைத் தணித்து. "தினமும் இதே கூத்து. குளிக்கப் போனா சோப்பு இருக்கான்னு மூணு தரம் கேக்குறாரு. பக்கத்துல இருந்து கொஞ்சம் பாத்துக்கங்களேன். உங்களை விட்டா அவருக்கு அங்க யாரு இருக்கா?"

"பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்றேன்.

அவன் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "மச்சான், ஒண்ணு கேக்கணும். எனக்கு மறதி நோய் ஏதாவது வந்திருக்குமா? சாப்பாட்டுப் பையில வெச்சது, கண்ணாடிக்குப் பின்னாடி செருகினது, எதுவும் எனக்கு ஞாபகத்துலயே இல்ல. டாக்டர்கிட்ட போலாம்னு இருக்கேன். ஆனா ஆபீஸுக்குத் தெரிஞ்சா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கல்ல?"

"முதல்ல கண் டாக்டரைப் பாரு" என்றேன்.

போய்ப் பார்த்தான். கண்ணில் குறை எதுவும் இல்லை என்று சீட்டு வாங்கி வந்து என்னிடம் காட்டினான். இப்படி ஒரு ஆளைத்தான் எனக்கு மேலே உட்கார வைக்க நினைத்தார்கள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

விமானத்தின் வாலில், மேலும் கீழும் அசையும் பலகை ஒன்று இருக்கிறது. மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் அதுதான். விமானியறையிலிருந்து கம்பிக்கயிறு போய், கப்பிகளில் ஓடி, வாலுக்குள் இருக்கும் ஒரு இரும்புக் கையை இழுக்கும். அந்தக் கை பலகையை அசைக்கும். அவன் இரண்டு கப்பிகளை மாற்றினான். இந்த மாதிரி வேலையைச் செய்தவனே சரி என்று சொல்ல முடியாது. கையே வைக்காத இன்னொருவன் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது பரிசோதகர். அன்று நான்.

காலை பத்து நாற்பது. ஒரு ஆள் நுழையும் துவாரம். குப்புறப் படுத்து ஊர்ந்து உள்ளே போனேன். கப்பிகள் இரண்டும் நேராக இருந்தன. கயிற்றின் இறுக்கம் சரி. திருகுகள் கழலாமல் முறுக்கியிருந்த பூட்டுக்கம்பி அச்சில் வார்த்தது போல இருந்தது. நல்ல கை என்று முன்பே சொன்னேனே.

இரும்புக் கைக்கு ஒரு சாண் முன்னால், உள்சட்டத்தின் விளிம்பில், விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பானர் கிடந்தது.

'இருட்டான இடம், பார்வையிலிருந்து தப்பியிருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. என் டார்ச் வெளிச்சம் அதன் மேல் நின்றது. அதில் அடித்திருந்த ஸ்டோர் எண்ணைப் படித்தேன். நாற்பத்து நான்கு. எதுவும் என் பார்வையிலிருந்து தப்பவில்லை.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று முறை நான் வைத்தேன். இதை நான் வைக்கவில்லை. தானாகவே, தன் கையாலேயே, மறந்து வைத்திருக்கிறான். இவன் இப்படிப்பட்டவன் என்று நான் முதலிலேயே சொன்னது சரியாகிவிட்டது. ஒரு மனிதன் இரண்டு மாதம் நடுங்கிக்கொண்டே வேலை செய்தால் கை தவறத்தானே செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். நடுங்காமலும் வேலை செய்யலாம். நான் செய்கிறேன்.

எடுக்கலாமா என்று யோசித்தேன். எடுத்தால் அது நான் மறைத்த நாலாவது பொருளாகிவிடும். இது அவனுடையது. அவன்தான் வந்து சொல்ல வேண்டும். விட்டுவிட்டு வெளியே வந்தேன். விமானியறையில் ஒருவர் உட்கார்ந்து வால் பலகையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். தடையில்லாமல் ஆடியது. படிவத்தில் நாலு கேள்வி. கப்பி சரியா, கயிறு சரியா, பூட்டு சரியா, தடையில்லாமல் அசைகிறதா. நாலுக்கும் ஆம். ஸ்பானர் கிடக்கிறதா என்று எந்தக் கேள்வியும் இல்லை. அது கருவியை எடுத்தவன் சொல்ல வேண்டியது. கையெழுத்துப் போட்டேன். துவாரத்தை அவன் தகடு வைத்து மூடினான்.

பிறகு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

பதினொன்றரைக்கு ஸ்டோர் பலகை முன்னால் போய் நின்றான். ஒரு நிழல் சிவப்பாகத் தெரிந்தது. அதில் அவன் வில்லை தொங்கியது. நான் தள்ளி நின்று ஒரு படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. மெதுவாகப் போய்த் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, டப்பாவைத் தூக்கிப் பார்த்தான். கழிவறைக்குள் போய்ச் சுவர்க்கண்ணாடியை விலக்கிப் பார்த்தான். அலமாரியைத் திறந்து மாற்று உடுப்பின் பைகளைத் தடவினான். ஷூவைக் கழற்றி உதறினான்.

விமானத்தை மட்டும் அவன் தேடவில்லை.

இது உங்கள் அறிக்கையில் இல்லை, இருக்கவும் முடியாது. மூன்று முறை விமானத்தைக் கழற்றிப் போட்டுத் தேடினோம். மூன்று முறையும் பொருள் விமானத்தில் இல்லை. காணாமல் போவதெல்லாம் தன் தலைக்குள்தான் போகிறது, விமானத்துக்குள் இல்லை என்று அவன் கற்றுக்கொண்டிருந்தான். சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். ஒருவன் தப்பாகக் கற்றுக்கொண்டால் அது அவன் கெட்டிக்காரத்தனம்.

வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனான். தன் சொந்தக் கருவிப்பெட்டியிலிருந்து அதே அளவு ஸ்பானர் ஒன்றைக் கொண்டு வந்தான். ஸ்டோர் எண் இல்லாத ஸ்பானர். பலகையில் மாட்டினான். நிழல் மறைந்தது. வில்லையை எடுத்துக்கொண்டான். ஸ்டோர்க்காரர் நாற்காலியிலிருந்து பலகையை ஒரு பார்வை பார்த்தார். சிவப்பு எங்கேயும் இல்லை. டிக் போட்டார். அவருடைய அலட்சியத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தி நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

அத்தோடு நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். பன்னிரண்டே காலுக்கு டீ குடிக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான்… ஒரு ஸ்பானர் விஷயம்…"

"என்ன மாப்பிள்ளை, காணோமா?" என்றேன்.

நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஸ்டோர்க்காரருக்கு டீ மூக்கில் ஏறியது. "அய்யய்யோ, ஆரம்பிச்சுட்டாரய்யா. எல்லாரும் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்கப்பா" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இல்ல, இல்ல மச்சான். இருக்கு. எல்லாம் இருக்கு" என்றான்.

கேட்டேன், இல்லை என்றான். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? நேரடியாக, அந்த ஒரே சொல்லை வைத்து, ஏழு பேர் சாட்சியாகக் கேட்டேன். உங்கள் விசாரணைக் குழுவில் யாரும் இவ்வளவு தெளிவாக ஒரு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

அம்மா, நிறுத்திவிட்டீர்களே. தண்ணீர் குடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

சரி. சோதனைப் பறப்பில், வேலை பார்த்தவனும் கூடப் போவது எங்கள் வழக்கம். செய்த வேலைக்கு உயிரையே பிணை கொடுக்கிற மாதிரி. அவன் ஏறுவான் என்று எனக்குத் தெரியும். ஸ்பானர் என்ன செய்யும் என்பதும் தெரியும். தரையில் ஓடும்போது விளிம்பிலேயே கிடக்கும். மூக்கு தூக்கியதும் பின்னால் சரியும். ஒரு சாண் தூரம். சரிந்தால் இரும்புக் கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விழும். விழுந்தால் தூக்கிய மூக்கு இறங்காது. இதெல்லாம் எனக்குப் பத்து நாற்பத்து இரண்டுக்கே தெரிந்துவிட்டது, குப்புறப் படுத்திருந்தபோதே. உங்கள் நிபுணர்கள் மூன்று பேருக்கு ஐந்து வாரம் ஆனது.

தங்கை இப்போது மாடியில்தான் இருக்கிறாள். போன வாரம் கேப்டனின் மனைவியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். நான்தான் காரில் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் கதவைத் திறக்கவில்லை. இவள் வாசலிலேயே அரை மணிநேரம் நின்றாள். திரும்பும்போது, "அவருக்கு வியாதின்னு எனக்குத் தெரிஞ்சுது அண்ணா. வேலையை விடச் சொல்லியிருக்கணும். மூணு பேரையும் நான்தான் கொன்னுட்டேன்" என்றாள். உன் தப்பு எதுவுமில்லை என்று சொன்னேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.

இன்னும் ஒரு திருத்தம், அத்தோடு முடிந்தது. விமானியறைப் பேச்சுப் பதிவைக் கேட்டுவிட்டு, 'புறப்படும் முன் தரையிலிருந்த பொறியாளருடன் வழக்கமான உரையாடல்' என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடி போட்டுக் கேளுங்கள். விமானம் கிளம்பும்வரை தரையில் ஒருவன், வயரால் விமானத்தோடு இணைத்த காதுக்கருவியை மாட்டிக்கொண்டு நிற்பான். அன்று அது என் முறை இல்லை. கேட்டு வாங்கினேன். பக்கத்தில் ஆள், வண்டி எதுவும் இல்லையே என்று கேப்டன் கேட்டார். இல்லை என்றேன். பிறகு பின் இருக்கையிலிருந்து அவன் மைக்கை வாங்கினான்.

"மச்சான், வாலுக்குள்ள நீங்கதானே போய்ப் பாத்தீங்க?"

"நான்தான்."

"நல்லாப் பாத்துட்டீங்கல்ல?"

இந்த இடத்தில் பதிவில் நாலு விநாடி ஒன்றும் கேட்காது. நான் தயங்கியதாக நினைக்க வேண்டாம். அவன் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு இடம் விட்டேன். சொல்லவில்லை.

"எல்லாத்தையும் பாத்துட்டேன் மாப்பிள்ளை."

"அப்ப சரி மச்சான். நீங்க பாத்தா எனக்குப் போதும்."

வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, தள்ளிப் போய் நின்று, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஜன்னலில் அவனும் காட்டினான்.

அவன் கேட்டது, பார்த்தேனா என்று. பார்த்தேன். வேலை விஷயத்தில் இதுவரை யாரிடமும் நான் ஒரு பொய் சொன்னதில்லை.